டேங்க் கழுவச் சொல்லி நான் அனுப்பிய வாய்ஸ்

ராஜவேலு இறந்த செய்தி குரூப்பில் வந்தபோது நானும் ஒரு கும்பிடு படம் போட்டேன். எல்லோரும் போட்டார்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு வெல்டர், பேரல் வெடித்துச் செத்துப்போனார் என்று மட்டும் போட்டிருந்தது. படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அவர் கடைசியாகக் கேட்டு வேலை செய்தது என் பேச்சை என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

குரூப்பில் புதிதாகச் சேருகிற வெல்டர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் ஆறாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் வேலை

என் பெயர் சவரிமுத்து. கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் என் பட்டறை இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக வெல்டிங். பழைய பட்டறை சுனாமியில் போய்விட்டது. வெல்டிங் செட்டை மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, கழுவி, காயில் மாற்றி மறுபடி ஓட்டினேன். அதே செட் இப்போதும் ஓடுகிறது.

கேட், கிரில் வேலை உண்டு. ஆனால் பாதி நாள் போட்டு வேலை, அதாவது படகு வேலைதான். துறைமுகத்தில் விசைப்படகு டீசல் டேங்க் ஒழுகினால் என்னைக் கூப்பிடுவார்கள். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் போய்விடும். ஜாயிண்டில் விரிசல் விடும். டேங்கைக் கரையில் இறக்கி வைப்பார்கள்.

நான் செய்வது இதுதான். டீசலை ஒரு சொட்டு விடாமல் வடிப்பேன். சோப்புத்தூள் போட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவுவேன். இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை. பிறகு விரிசலுக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் தண்ணீர் ரொப்புவேன். உள்ளே ஆவி தங்க இடம் இருக்கக் கூடாது. பிறகு வெல்டிங் ராடு வைப்பேன்.

இவ்வளவுதான் என் வேலை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று உண்டு. டேங்கைத் தொட்டதும் முதலில் அதன் மூடியைக் கழற்றி என் பேண்ட் பையில் போட்டுக்கொள்வேன். வேலை முடிந்து டேங்க் போட்டில் ஏறும்வரை மூடி என் பையில்தான் இருக்கும். பல நாள் மூடியோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன், போட்டு டிரைவர் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

"சவரிண்ணே, மூடியக் குடுத்துட்டுப் போ. இல்ல, டேங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போ."

அது எனக்கு வேலை இல்லை. கை பழகிப்போன பழக்கம். வேலை என்ன என்று கேட்டால் சொல்லுவேன். பழக்கம் என்ன என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

2. குரூப்

சிதம்பரத்தில் பாஸ்கர் என்று ஒருவர் கேஸ் சிலிண்டர், ராடு, கட்டிங் சாமான் விற்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை மாமா என்பார். நான் மாப்ள என்பேன். சொந்தம் ஒன்றும் இல்லை, கடைப் பழக்கம்தான். அவர் வாட்சப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். கடலூர், சிதம்பரம் பக்கத்து வெல்டர்கள் எல்லாம் இருக்கிறார்கள். இருநூறு பேருக்கு மேல்.

நல்ல குரூப்தான். எந்தக் கடையில் எந்த ராடு இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும், எல்லாம் தெரியும். ஒருவர் கண்ணில் பொறி விழுந்தால் எந்த டாக்டர் எடுப்பார் என்று பத்து பேர் சொல்லுவார்கள். ஆனால் எது சரி, எது தப்பு என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. முதலில் சொன்னவர் பேச்சு நிற்கும். நிறைய பேர் கைதட்டினால் அது சரி.

எனக்கு டைப் அடிக்க வராது. ஒரு வரி அடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அதனால் வாய்ஸ்தான் அனுப்புவேன்.

ஒரு நாள் ஒருவர் கேட்டிருந்தார். நெல் அறுக்கிற மிஷின் டீசல் டேங்க் லீக். அறுவடை நேரம், மிஷின் நிற்க முடியாது. வெல்டிங் போடலாமா?

பதில் மளமளவென்று வந்தது.

"வண்டி சைலன்சர்ல டியூப் மாட்டி பொகைய உள்ள வுடு தல. பத்து நிமிஷம். அப்புறம் அடி."

"ஈரச் சாக்கு சுத்திட்டு போடுங்க ப்ரோ. நான் போட்டிருக்கேன்."

"தூரத்துல நின்னு போடு மச்சான்." இதற்குச் சிரிப்புப் படம் இருபது.

நான் அப்போது துறைமுகத்தில் இருந்தேன். ஒரு டேங்கை அப்போதுதான் முடித்திருந்தேன். படித்ததும் எனக்குப் பதறியது. இதை நம்பி அந்த ஆள் சாக்கைச் சுற்றிவிடுவான் என்று பயந்தேன். கையில் இருந்த கிளவுஸைக் கழற்றிவிட்டு போனை அமுக்கிப் பேசினேன். நாற்பது செகண்ட். நான் பேசியது அப்படியே இது:

"தம்பி, பொகையெல்லாம் வுடாத. சாக்கும் சுத்தாத. நான் சொல்றத கேளு. சோப்புத்தூளு போட்டு, வெந்நி ஊத்தி, ரெண்டு மூணு வாட்டி நல்லா குலுக்கி கழுவு. கழுவிட்டு தண்ணிய ரொப்பு. ரொப்பிட்டு வேலையப் பாரு. முப்பது வருசமா நான் இப்படித்தான் பாக்குறேன். ஒண்ணும் ஆவாது, பயப்புடாத. இன்னொன்னு..."

அப்போது போட்டு டிரைவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, டீ ஆறுது, வா!"

"வரேன், வரேன்" என்றேன். கட்டை விரலை எடுத்துவிட்டேன். வாய்ஸ் போய்விட்டது.

டீ குடித்தேன். பிறகு அந்த இன்னொன்று எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

குரூப்பில் கைதட்டுப் படமாக வந்தது. அறுவடை மிஷின்காரர் மறுநாள் எழுதினார், நான் சொன்னபடியே செய்து வேலை நல்லபடி முடிந்தது என்று. அவர் மிஷின் டேங்கில் மூடி ஏற்கெனவே உடைந்து துணி அடைத்திருந்ததாம். துணியை எடுத்துவிட்டுத்தான் கழுவினாராம். அது அவர் அதிர்ஷ்டம். பாஸ்கர் என் வாய்ஸை வேறு இரண்டு குரூப்புக்கு அனுப்பினார். மேலே எழுதினார்: அனுபவஸ்தர் சொல்றாரு, கேட்டுக்குங்க.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வீட்டில் என் மனைவி செசிலியிடம் போட்டுக் காட்டினேன்.

"ரேடியோல பேசுற ஆளாட்டம் இருக்குது" என்றாள். "வூட்ல மட்டும் ஒரு வார்த்த பேச வாய் வராது."

அப்படிப் போன வாய்ஸோடு கேள்வி சேர்ந்து போகவில்லை. டீசல் என்கிற சொல் கேள்வியில் இருந்தது, என் வாயில் இல்லை. கேள்வி எங்கள் குரூப்பிலேயே நின்றுவிட்டது. பதில் மட்டும் ஊர் ஊராகப் போனது.

3. பாஸ்கர் போன்

ராஜவேலு இறந்த மூன்றாம் நாள் காலையில் பாஸ்கர் கூப்பிட்டார். கேட் ஒன்றுக்கு இரும்புப் பட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, தனியா இருக்கீங்களா?"

"சொல்லு மாப்ள."

"அந்த கீரப்பாளையம் ஆளு... அவரு போன்ல உங்க வாய்ஸ் இருக்குதாம்."

எனக்குப் புரியவில்லை. என் வாய்ஸ் அவர் போனில் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். பாஸ்கர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது.

ஒரு விவசாயி மாட்டுக்குத் தொட்டி செய்ய ஒரு பேரல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். காயலான் கடையில் வாங்கியது. நீட்டுவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு தொட்டி. அது பெயிண்டில் கலக்கிற தின்னர் இருந்த பேரல். ராஜவேலுவுக்குப் பயம் இருந்திருக்கிறது. யாரிடம் கேட்கலாம் என்று போனைத் தேடியபோது என் வாய்ஸ் கிடைத்திருக்கிறது. சோப்புத்தூள் போட்டுக் கழுவினார். தண்ணீர் ஊற்றினார். நீட்டுவாக்கில் வெட்ட வேண்டும் என்றால் பேரலைப் படுக்கப் போட வேண்டும். படுக்கப் போட்டால் தண்ணீர் கொட்டும். அதனால் பேரலில் இருந்த இரண்டு மூடியையும் இறுக்கி மூடியிருக்கிறார். முழுக்கத் தண்ணீர் இருந்தால் கேஸ் கட்டர் வெட்டாது. அதனால் பாதிதான் ஊற்றியிருக்கிறார்.

மேல் பாதியில் காற்று. பேரலின் மடிப்புக்குள் தின்னர். அதைச் சோப்புத்தூள் எடுக்காது. நெருப்புப் பட்டதும் அது ஆவியாகியிருக்கும். போக வழி இல்லை.

டீசல் வேறு, தின்னர் வேறு. விரிசலை அடைப்பது வேறு, பேரலை வெட்டுவது வேறு. தின்னர் பேரல் பக்கத்தில் நான் நெருப்பே கொண்டுபோக மாட்டேன். கிரைண்டர் கூட வைக்க மாட்டேன். கொண்டு வந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் அதை நான் எங்கேயும் சொல்லவில்லை.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் நம்ம குரூப்புல இருந்து அழிச்சிட்டேன். மத்த ரெண்டுலயும் சொல்லி அழிச்சாச்சு. நீங்க பேரு சொல்லிப் பேசல, ஊரு சொல்லல. வெளிய யாருக்கும் தெரியாது. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. புரியுதா?"

"புரியுது."

"வாய்ஸ அனுப்புனது நான்தான் மாமா. நானும்தான் இதுல இருக்கேன்."

போனை வைத்துவிட்டு வெல்டிங் ஹோல்டரை எடுத்தேன். ராடு பட்டையில் ஒட்டிக்கொண்டது. ஆட்டி எடுத்தேன். மறுபடி ஒட்டியது. வேலை கற்றுக்கொள்கிற முதல் வாரத்தில்தான் அப்படி ஒட்டும். மெயினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குரூப்பில் அன்று பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"சரக்கடிச்சிட்டு வேல பாத்திருப்பாரு."

"தொழில் தெரியாதவங்க எல்லாம் கட்டர் புடிச்சா இப்படித்தான்."

அதற்கும் கைதட்டுப் படம். போலீஸ் ஸ்டேஷனிலும் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள் என்று ஒருவர் போட்டார். நான் படித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரி எழுதவில்லை. பத்து நாளுக்கு மேல் அப்படியே போனது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு மனிதரைக் குடிகாரன், தொழில் தெரியாதவன் என்று இருநூறு பேர் பேசினார்கள். இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

செசிலியிடம்தான் சொன்னேன். அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

"போனா அடிப்பாங்களா?" என்றாள்.

"அடிக்கலாம்."

"போவலன்னா?"

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

4. பதினாறாம் நாள்

கருமாதி அன்றைக்குப் போனேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பாஸ்கர் பைக்கோடு நின்றார். நான் வருகிறேன் என்று முதல் நாள் சொல்லியிருந்தேன்.

"மாமா, தலைய காட்டிட்டு வந்துடலாம். குரூப் சார்பா வந்தோம்னு சொல்லிக்கலாம். வேற எதுவும் வேணாம்."

நான் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். கீரப்பாளையம் வரை இரண்டு பக்கமும் வயலில் நெல் அறுத்த தாள் மட்டும் நின்றது.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு தெரு. வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். வீட்டை ஒட்டி ஷீட் போட்ட பட்டறை. ஷீட் ஒன்று பிய்ந்து போய் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. சிலிண்டர் ஓரமாக நின்றது. ஜன்னல் கட்டையில் ஒரு சோப்புத்தூள் பாக்கெட். வாயை மடித்து வைத்திருந்தது. நான் அதற்கு மேல் பட்டறைக்குள் பார்க்கவில்லை.

ராஜவேலுவின் அண்ணன் வந்து சேர் போட்டார். பெரிய மீசை, மழித்த தலை.

"எங்கேருந்து வரீங்க?"

"வெல்டருங்க குரூப்புல இருந்துங்க" என்றார் பாஸ்கர்.

"என்னா பெரிய குரூப்பு. போனப் பாத்துத்தான் இவன் கெட்டான். இல்லன்னா சரக்கால கெட்டான். ரெண்டுல ஒண்ணு."

உள்ளே இருந்து ராஜவேலுவின் மனைவி வெளியே வந்தார். பெயர் தனலட்சுமி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவரின் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, அன்னைக்கு அவரு குடிக்கல."

"ஊரே சொல்லுது."

"ஊரு வந்து பாத்துச்சா? நான்தான கூட நின்னேன். வூட்டுக்குத் துணி தொவைக்க வாங்குன சோப்புத்தூள நான்தான எடுத்துக் குடுத்தேன். மூணு வாட்டி கழுவுனோம். நான் ஒரு பக்கம் புடிச்சேன், அவரு ஒரு பக்கம் புடிச்சாரு. உருட்டி உருட்டி கழுவுனோம். எனக்குத் தெரியாதா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். இடுப்பிலிருந்து ஒரு போனை எடுத்தார். மூலையில் கண்ணாடி உடைந்திருந்தது.

"அண்ணே, நீங்க தொழில் பாக்குறவங்க. இத கேட்டுட்டுச் சொல்லுங்க. அவரு செஞ்சது தப்பா?"

போட்டார். சாமியானாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

தம்பி, பொகையெல்லாம் வுடாத. சாக்கும் சுத்தாத. நான் சொல்றத கேளு.

என் குரல் எனக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ரொம்பத் தைரியமான ஆள். எல்லாம் தெரிந்த ஆள். பின்னால் கடல் காற்று இரைந்தது. ஒண்ணும் ஆவாது, பயப்புடாத என்று அந்த ஆள் சொன்னான். இன்னொன்னு என்றான். டீ ஆறுது என்று கூப்பிட்டார்கள். வரேன், வரேன் என்று போய்விட்டான்.

"இந்த எடத்துல வுட்டுட்டாரு" என்றார் தனலட்சுமி. "இன்னொன்னுன்னு என்னமோ சொல்ல வராரு. அன்னைக்கே நான் கேட்டேன், அது என்னாங்க இன்னொன்னுன்னு. இவரு சிரிச்சாரு. 'டீ குடிக்கப் போய்ட்டாரு டி. முக்கியமா இருந்தா சொல்லிட்டுப் போயிருக்க மாட்டாரா'ன்னாரு. அது என்னான்னு உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாம போன அந்த ஒண்ணு என்னா?"

பாஸ்கர் என் முழங்காலை அழுத்தினார்.

"அதுல பேசுறது நான்தாம்மா" என்றேன்.

பந்தி போடுகிற இடத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் எழுந்தார். சேர் பின்னால் விழுந்தது.

"எந்திரிடா."

எழுந்தேன். சட்டையைப் பிடித்தார். பாஸ்கர் குறுக்கே வந்தார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

"வுடுங்க மாமா" என்றார் தனலட்சுமி. சத்தமாகச் சொல்லவில்லை. "அவரு சொல்லட்டும். எனக்கு அது தெரியணும்."

அண்ணன் கையை எடுத்தார். பட்டன் ஒன்று கழன்று விழுந்திருந்தது.

நான் சொன்னேன்.

"மூணு விஷயம் சொல்லியிருக்கணும்மா. ஒண்ணு, அது டீசல் டேங்குக்கு மட்டும்தான். தின்னர், பெட்ரோல்னா கிட்டப் போவக் கூடாது. ரெண்டு, மூடியத் தொறந்து வெக்கணும். மூணு, வெரிசல் அடைக்க மட்டும்தான், வெட்டுறதுக்கு இல்ல. மூணுல ஒண்ணு கூட நான் சொல்லல."

"இதுல எது அந்த இன்னொன்னு?"

"நெனவில்லம்மா."

"நெனவில்லியா?"

"இல்ல. மூடியத் தொறந்து வைன்னு சொல்ல வந்தேன்னு உங்ககிட்ட சொல்லலாம். எத்தினியோ நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். தெரியல. கண்ணாடி போட்டுக்கன்னு சொல்ல வந்திருப்பேன். ராடு நம்பர சொல்ல வந்திருப்பேன். எனக்கே தெரியல."

அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்போ அவரு செஞ்சது தப்பா?"

"இல்லம்மா. சொன்னத அப்படியே செஞ்சிருக்காரு. சொன்னதுதான் பாதி." பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். "அவரு குடிக்கலீங்க. குடிச்சவன் மூணு வாட்டி கழுவ மாட்டான். கேட்டுட்டுச் செய்யவும் மாட்டான். தொழில் தெரிஞ்ச ஆளு. பயந்து, கேட்டு, கழுவித்தான் கை வெச்சிருக்காரு. தப்பான ஆள கேட்டுட்டாரு."

அண்ணன் பட்டறைப் பக்கம் போனார். பிய்ந்த ஷீட்டுக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பாஸ்கர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, அத அழிச்சிடுங்களேன்."

"அழிக்க மாட்டேன்" என்றார் தனலட்சுமி. "அத கேக்கும்போது அவரு என் பக்கத்துல நின்னாரு."

பிறகு என்னைப் பார்த்தார். "உங்கள திட்டத் தோணல. நல்லா இருங்கன்னு சொல்லவும் வாய் வரல. கெளம்புங்க."

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கும்பிட்டுவிட்டு நடந்தேன். நான் பட்டனைத் தேடவில்லை.

5. பிறகு

சிதம்பரத்துக்கு வந்ததும் பாஸ்கர் கடையில் உட்கார்ந்து புதிதாக ஒரு வாய்ஸ் பேசினேன். என் பெயர், ஊர் சொன்னேன். பழைய வாய்ஸ் என்னுடையதுதான் என்றேன். அது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்றேன். ராஜவேலு குடித்துச் சாகவில்லை என்றேன். நாலு நிமிஷம் வந்தது. பாஸ்கர் எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினார்.

குரூப்பில் குடிகாரன் பேச்சு அன்றோடு நின்றது. அது ஒன்றுதான் நடந்தது. அந்த வாய்ஸ் அதற்கு மேல் வெளியே போகவில்லை. நாலு நிமிஷம் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. நாற்பது செகண்ட் ஊர் சுற்றியது. நாலு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குரூப்பில் சொல்கிறவன் பொய் சொல்ல மாட்டான். பெரும்பாலும் அவன் செய்ததைத்தான் சொல்லுவான். ஆனால் அவன் கை செய்ததெல்லாம் அவன் வாய்க்கு வராது. அவனுக்கு ஒன்றும் ஆகாமல் காப்பாற்றியது அவன் சொன்னதா, சொல்லாமல் விட்டதா என்று அவனுக்கே தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் என்னைக் காப்பாற்றியது என் பேண்ட் பையில் இருந்த மூடி.

கேட்கிறவர்கள் திருப்பிக் கேளுங்கள். எந்த டேங்க், உள்ளே என்ன இருந்தது, உன் கை அப்போது என்னென்ன செய்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேலையைத் தொடாதீர்கள். சொல்கிறவர்கள், கேள்வி கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். நான் இப்போது குரூப்பில் வாய்ஸ் போடுவதில்லை. யாராவது கேட்டால் நம்பரை வாங்கிக் கூப்பிடுகிறேன். இதை நோட்டில் எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். விட்டுப்போனதைச் சேர்க்க முடிகிறது. அன்றைக்கு அது முடியவில்லை.

பழைய வாய்ஸ் இன்னும் சாகவில்லை. எங்கேயோ யார் போனிலோ இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை யாராவது எங்கள் குரூப்பிலேயே கொண்டுவந்து போடுவார்கள், அது யாருடையது என்று தெரியாமல். அனுபவஸ்தர் சொல்றாரு, கேட்டுக்குங்க.

போன வாரம் ஒருவர் போட்டார். விழுப்புரம் பக்கத்து ஆள், புதிதாகச் சேர்ந்தவர். இதன்படி செய்யப் போகிறேன், சரிதானே என்று கேட்டிருந்தார். நான் துறைமுகத்தில் இருந்தேன். உடனே கூப்பிட்டேன்.

"தம்பி, கைல என்னா வெச்சிருக்க? டேங்கா, பேரலா?"

"டேங்குங்க. ஜெனரேட்டர் டேங்கு. நீங்க யாருங்க?"

"உள்ள என்னா இருந்துச்சு?"

"பெட்ரோலுங்கண்ணே. சின்ன ஜெனரேட்டரு."

"தொடாத. எடுத்து ஓரமா வை. புதுசு மாத்தச் சொல்லு."

"அந்த வாய்ஸ்ல பெரியவரு ஒண்ணும் ஆவாதுங்குறாரே?"

"அந்தப் பெரியவரு நான்தான்" என்றேன்.

நான் ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ராஜவேலு பெயரைச் சொன்னேன். பேரலைச் சொன்னேன். மூடியைச் சொன்னேன்.

போட்டிலிருந்து டிரைவர் கூப்பிட்டார். "சவரிண்ணே, டீ ஆறுது, வா!"

கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். "தம்பி, நான் சொன்னத நீ ஒரு வாட்டி திருப்பிச் சொல்லு" என்றேன். அவர் சொன்னார். ஒன்று விட்டுப்போயிருந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன்.

அவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் போனை வைத்தேன். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.